மருமகனுக்கு ஆகாத இளநீர்

மோகனூர்
20-3-1983

சௌந்திரத்துக்கு, அண்ணன் நாச்சிமுத்து எழுதுவது.

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கோபம் முந்திக்கொண்டு நிற்கிறது. முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன், பிறகு சுகம் கேட்கிறேன்.

கைக்குழந்தை சின்னுசாமிக்குக் காய்ச்சல், ஒண்ணுக்குப் போகும்போது வீறிடுகிறான், சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லியனுப்பினாய். சூட்டுக்கு இளநீரை விட்டால் வேறு மருந்து ஏது? மரம் ஏறுகிறவனைக் கூட்டிவந்து, பக்கத்திலேயே நின்று, ஆற்றோரத்து மரமாகப் பார்த்து இறக்கச் சொல்லி, சாக்கில் கட்டிக் கண்டக்டர் ஆண்டியிடம் கொடுத்து பஸ் மேலே ஏற்றினேன். நீங்கள் ஜலகண்டாபுரத்தில் வீட்டில் இருந்தபோதும், பையன் இளைத்துக்கொண்டே போகிறான் என்று நீ சொன்ன நாளிலிருந்து, சாக்குச் சாக்காக அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று ஆண்டி வந்து சொல்கிறான்: "ஏனுங்க, உங்க மாப்பிள்ளை சாக்கை ஆஸ்பத்திரி வாசல்லயே அவுத்துட்டாருங்க. வாட்ச்மேனுக்கு ஒண்ணு, ரிக்‌ஷாக்காரங்களுக்கு ஆளுக்கொண்ணு, எனக்கும் ஒண்ணு வெட்டிக் குடுத்தாருங்க. நல்லாத்தானுங்க இருந்துச்சு."

நல்லாத்தான் இருந்துச்சாம்! என் மருமகனுக்கு அனுப்பியதைக் குடித்துவிட்டு என்னிடமே வந்து ருசி சொல்கிறான்.

மாப்பிள்ளை கந்தப்பனுக்கு நாலு தறி ஓடுகிற திமிரா? வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புவது. தாய்மாமன் கொடுத்ததைத் தெருவுக்குத் தானம் பண்ண அவர் யார்? இனி அவர் முகத்தில் நான் விழிக்கப் போவதில்லை. இந்த இடத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

நேரிலேயே வந்து கேட்டிருப்பேன். சர்க்கரை ஆலையில் வெட்டு உத்தரவு கொடுத்துவிட்டார்கள். கரும்பில் ஆள் இறங்கியிருக்கிறது. விட்டு நகர முடியாது.

சரி, இப்போது கேட்கிறேன். பையனுக்குக் காய்ச்சல் விட்டதா?

நாச்சிமுத்து


சேலம், ஆஸ்பத்திரி
24-3-1983

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தில் என் மகன் எங்கே இருக்கிறான் என்று தேடினேன். சாக்குக்குப் பின்னால், ரிக்‌ஷாக்காரனுக்குப் பின்னால், ஆண்டிக்கும் பின்னால், கடைசி வரியில் இருந்தான். கசக்கி எறிந்தேன். உங்கள் கையெழுத்தாயிற்றே என்று திரும்ப எடுத்து நீவி வைத்திருக்கிறேன்.

நடந்ததைக் கேளுங்கள். பத்தியக் கஞ்சி கொடுத்தாலும் பால் கொடுத்தாலும் வாந்தி. கண் உள்ளே போய்விட்டது. அதோடு உஸ் உஸ்ஸென்று ஓர் இளைப்பு. எங்கள் ஊரில் சளி என்று நெஞ்சில் தைலம் தேய்த்தார்கள். இங்கே செல்வமேரி டாக்டரம்மா குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல ஒண்ணுமே இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு இப்படி மூச்சு வாங்கறான்?" என்று உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரத்தத்தில் புளிப்பு ஏறிவிட்டதாம், ஆசிட் என்கிறார்கள். அந்தப் புளிப்பை வெளியே தள்ளத்தான் குழந்தை அப்படி மூச்சு விட்டிருக்கிறது. டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "மூத்திரத்துல கிருமி ஏறி, கிட்னி வரைக்கும் போயிருக்கு. உடம்புல எது இருக்கணும், எது வெளியே போகணும்னு பார்க்கறது கிட்னிதான். இப்ப அது தடுமாறிப் போச்சு. வெச்சுக்க வேண்டிய உப்பை வெளியே விட்டுடுச்சு. வெளியே விட வேண்டிய பொட்டாசியத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. பொட்டாசியம் ஏறினா இருதயம் தாங்காது."

மார்பில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இவனுக்கு என்ன குடுத்துட்டு வர்றீங்க?"

நான் பெருமையாகச் சொன்னேன், அண்ணா. "எளநிங்க. எங்கண்ணன் தோப்புதுங்க. வேற எதைக் குடுத்தாலும் கக்கறானுங்க, அது மட்டுந்தான் எறங்குதுங்க."

"முதல்ல அதை நிறுத்துங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. இளநீர் முழுக்கப் பொட்டாசியமாம். மற்றப் பிள்ளைகளுக்கு நல்லது, இவனுக்கு இப்போது விஷம். ஊசி, பாட்டில், மறுபடி ஊசி. நான் அவன் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜில்லென்று இருந்தது. பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு, பசியில் ஓவென்று அழுதான். அந்த நேரத்தில்தான் உங்கள் சாக்கு வந்து இறங்கியது. உங்கள் மாப்பிள்ளை வாசலுக்கு ஓடினார். "எம்பட பையன் கண்ணு முழிச்சுட்டான், எல்லாரும் குடிங்க!" என்று வெட்டி வெட்டிக் கொடுத்தார். திமிராம். அழுதுகொண்டே வெட்டியதில் அரிவாள் விரலில் பட்டு இன்னும் கட்டுப் போட்டிருக்கிறார்.

நீங்கள் சொன்ன இடத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அப்படிப் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

சௌந்திரம்


மோகனூர்
28-3-1983

அம்மிணி,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரி, உன் நங்கை குஞ்சம்மாள்தான் முதலில் படித்தாள். படித்து முடித்து என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை. இரண்டு வேளைச் சோற்றுக்கும் தட்டை நங்கென்று வைத்தாள்.

பையன் அழுதான் என்று படித்தபோது நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கரும்பு வெட்டுகிறவர்கள் எனக்கு மயக்கம் என்று தண்ணீர் தெளித்தார்கள். இருக்கட்டும், அவனுக்காக நனைந்தது நல்லதுதான்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காவிரிக் கரை முழுக்க இளநீர் குடித்து வளர்ந்த உடம்பு. நான் குடித்தேன், நீ குடித்தாய். நீ கைப்பிள்ளையாக இருந்தபோது பாலாடையில் உனக்கு ஊற்றியதே நான்தான். இளநீர் விஷம் என்று அந்த டாக்டரம்மா எந்தப் புத்தகத்தில் படித்தார்? அவருக்கு வயசு என்ன? தோப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறாரா?

சரி, வாதம் வேண்டாம். இளநீர் ஆகாது என்றால் ஆகாது. அதற்காகத் தாய்மாமன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? ஆண்டியிடம் ஒரு பூவன் தார் அனுப்பியிருக்கிறேன். தாராகவே பழுத்தது, புகை போட்டதில்லை. கூடவே சாத்துக்குடி. பையன் இளைத்திருப்பான், பழத்தை நன்றாக மசித்துக் கொடு. வழியில் எவனுக்கும் ஒரு பழம் கொடுக்கக் கூடாது என்று ஆண்டியிடம் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மாப்பிள்ளை விரலுக்கு மஞ்சளை வைத்துக் கட்டச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

நாச்சிமுத்து


ஜலகண்டாபுரம்
9-4-1983

அண்ணனுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம்! தறிச் சத்தம் கேட்டதும் சின்னுசாமி என் இடுப்பிலேயே குதித்தான். இனி நிம்மதியாகத் திட்டலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வாழைத்தார் வந்ததும் நர்ஸ் இன்னாசிமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, உங்கண்ணன் பொட்டாசியம் எதுல எதுல இருக்குன்னு தேடித் தேடி அனுப்பறாரா?" வாழைப்பழமும் அதேதானாம். சாத்துக்குடியும் அதேதானாம். உங்கள் தோட்டத்தில் அது இல்லாத பொருள் ஏதாவது விளைகிறதா? தாரை நானும் இன்னாசிமேரியும் வார்டுப் பிள்ளைகளும் தின்று தீர்த்தோம். மாசமாக இருக்கிறவள் ஆசைப்பட்டால் தின்னலாம் என்று எனக்கு அனுமதி கிடைத்தது. அப்படியொரு ருசி. உங்கள் மாப்பிள்ளை மட்டும் ஒரு பழம்கூடத் தொடவில்லை. மஞ்சளும் வைத்துக் கட்டவில்லை.

சின்னுசாமிக்கு இப்போது இரண்டே மருந்துதான் பெரிசு. ஒன்று உப்பு, இன்னொன்று சோடா. புளிப்பை அடக்கச் சோடா உப்பைக் கரைத்து ஊட்டுகிறேன். முகத்தை எட்டுக் கோணலாக்கிக்கொண்டு விழுங்குவான். கஞ்சியில் டாக்டரம்மா சொன்ன அளவுக்கு உப்பு கூடுதலாகப் போட வேண்டும். எந்த வீட்டிலாவது குழந்தை சர்க்கரை டப்பாவை விட்டுவிட்டு உப்பு ஜாடியைத் தேடுமா? இவன் தேடுகிறான். தவழ்ந்து போய்க் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து நக்கிக்கொண்டு, வெல்லம் கிடைத்தவன் மாதிரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். கன்னம் எழும்பியிருக்கிறது. நேற்று சுவரைப் பிடித்து நின்றான்.

இன்னொரு விஷயம். இன்று ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "உங்க ஊர்ல தேங்காய்ப்பூ துண்டு போட்டுக்கிட்டு, பெரிய மீசையோட யாராவது இருக்காங்களா? குழந்தைங்க வரிசையில டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. குழந்தை எங்கேன்னா, நான்தானுங்கன்னு சொல்றாரு."

அண்ணா, அது யார்? சேலம் வரைக்கும் வந்தவர் ஜலகண்டாபுரம் வரக் கூடாதா?

சௌந்திரம்


மோகனூர்
16-4-1983

அம்மிணி,

அது நான்தான். வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

கரும்பு வெட்டி முடிந்த அன்றே கிளம்பினேன். டாக்டரம்மாவிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, நேரே உன் வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தேன். என் பக்கத்தில் இருந்த ஒரு கைக்குழந்தை என் துண்டைச் சப்பிக்கொண்டே இருந்தது. அதன் அம்மா, "தாத்தா துண்டைக் கடிக்காதே கண்ணு" என்றாள். தாத்தாவாம். அங்கேயே பாதிக் கோபம் போய்விட்டது.

உள்ளே போய் நின்றுகொண்டே கேட்டேன். "ஏனுங்க அம்மிணி, எளநி எப்படிங்க வெசமாகும்?"

அவர் கோபப்படவில்லை. "உட்காருங்க. உங்க தென்னைக்கு என்ன உரம் போடறீங்க?" என்றார்.

"யூரியா, சூப்பர் போடறோமுங்க. காய் பெருக்கோணும்னா பொட்டாஷ் கண்டிப்பாப் போடோணுமுங்க. தென்னை அப்படி இழுக்குமுங்க அதை."

"வாழைக்கு?"

"வாழைக்கு அதுக்கும் மேலேங்க."

"இழுத்து எங்க வெச்சுக்குது?"

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். பொட்டாஷும் பொட்டாசியமும் ஒன்றுதான் என்று அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மூட்டை மூட்டையாக என் கையால் அள்ளிப் போட்டது மரத்தில் ஏறி, காயில் இறங்கி, சாக்கில் கட்டி, பஸ் ஏறி, உன் பிள்ளை வாய்க்குள் போயிருக்கிறது. நல்ல கிட்னி அதை வடித்து வெளியே விட்டுவிடுமாம். அதனால்தான் ஊருக்கெல்லாம் ஆகிறது. இவனுக்கு வடிகால் சரியில்லை.

அம்மிணி, நான் அந்த நாற்காலியில் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். டாக்டரம்மா, "நீங்க பாசத்துல குடுத்தீங்க, யாருக்குத் தெரியும்? மத்தப் பிள்ளைங்களுக்கு வயித்தால போனா நானே குடுக்கச் சொல்வேன்" என்றார். வெளியே வந்ததும் உன் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. முகம் அப்படி இருந்தது. அதோடு, மாப்பிள்ளை 'வாங்க' என்று சொல்லாவிட்டால் வாசலில் எப்படி நிற்பது? அவர் ஒரு வார்த்தை எழுதினால் வருவேன்.

மருமகனுக்கு அனுப்ப என் நிலத்தில் ஒன்றுமே இல்லை. உப்பு ஆற்றங்கரையில் விளையாது. அதனால் ஆண்டியிடம் ஒரு மரக் குதிரை அனுப்புகிறேன். அதில் பொட்டாசியம் இல்லை, தச்சனிடம் கேட்டுவிட்டேன்.

நாச்சிமுத்து


ஜலகண்டாபுரம்
8-6-1983

அண்ணனுக்கு,

குதிரையின் காதைக் கடித்தே பாதியாக்கிவிட்டான் என்று சிரிக்கச் சிரிக்க எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு நேரமில்லை. நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் மறுபடியும் காய்ச்சல். மறுபடியும் அந்த மூச்சு. இந்தத் தடவை நான் தைலம் தேய்த்துக்கொண்டு நிற்கவில்லை, மூச்சைப் பார்த்ததுமே சேலத்துக்கு ஓடினேன். சீக்கிரம் வந்ததால் பாட்டில் ஏற்றிச் சமாளித்துவிட்டார்கள். ஆனால் டாக்டரம்மா, "ரெண்டாவது தடவை வருதுன்னா எங்கியோ அடைப்பு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார்.

"இவன் ஒண்ணுக்குப் போறப்ப எப்படிப் போவான்? உங்க மேல, உங்க வீட்டுக்காரர் மேல, எப்பவாவது பீச்சி அடிச்சிருக்கானா?"

"இல்லைங்க, எங்க பையன் ரொம்பச் சமர்த்துங்க. சொட்டுச் சொட்டாத்தானுங்க போவான். ஒருத்தர் துணியையும் நனைச்சதில்லீங்க."

அண்ணா, நாம் எல்லோருமே அதைப் பெருமையாகத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்? முதல் பிள்ளை, எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

குழாய் வழியாக மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மூத்திரம் வருகிற பாதையில் பிறக்கும்போதே ஒரு சவ்வு இருக்கிறதாம். மடையில் பலகை போட்ட மாதிரி. தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் தேங்கி, கிட்னி வீங்கியிருக்கிறது. உப்பு போனதும், புளிப்பு ஏறியதும், கிருமி வந்ததும் எல்லாம் அதனால்தான். பலகையை எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கிட்னியே போய்விடும் என்று சொல்லிவிட்டார். இதைச் செய்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கடிதம் கொடுத்திருக்கிறார்.

எனக்கு மாதம் நெருங்கிவிட்டது. காலில் வீக்கம் இருக்கிறது, ரயிலில் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உங்கள் மாப்பிள்ளை ஒருத்தர் எப்படிச் சமாளிப்பார்? குழந்தைக்குச் சட்டை மாட்டினால் இரண்டு கையையும் ஒரே ஓட்டையில் விடுகிறவர்.

அவர் உங்களுக்கு எழுத மாட்டார். நீங்களும் அவர் எழுதாமல் வர மாட்டீர்கள். அதனால் நான் எழுதுகிறேன். என்னால் போக முடியாத இடத்துக்கு நீங்கள் போங்கள் அண்ணா. அவன் பயந்து அழுதால் என் முகத்தைத் தேடுவான். உங்களுக்கும் எனக்கும் ஒரே மூக்குதான். அதையாவது பார்க்கட்டும்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

சௌந்திரம்


சென்னை
19-6-1983

அம்மிணி,

ரயிலில் ஏறியதிலிருந்து மாப்பிள்ளையும் நானும் நேருக்கு நேர் பேசவில்லை. ஆனால் பேச்சு குறைவில்லை. எல்லாம் சின்னுசாமி மூலமாகத்தான்.

"சாமி, உங்க மாமனை இட்லி திங்கச் சொல்லு. ஆறிப்போகுது."

"சாமி, உங்கப்பன் மொதல்ல திங்கட்டும். ராவெல்லாம் முழிச்சுட்டே இருந்தாரு."

பையன் ஒருவர் வாயைப் பார்த்து ஒருவர் வாயைப் பார்த்துக் கழுத்தே சுளுக்கிக்கொண்டான். வார்டில் இருக்கிற தாய்மார்களுக்கு நாங்கள்தான் பொழுதுபோக்கு. சட்டையை நான்தான் மாட்டுகிறேன். நீ சொன்னது சரி, மாப்பிள்ளை நேற்று தலையைக் கை ஓட்டையில் விட்டார்.

நாளைக்குச் செய்கிறார்கள். கத்தியே வைக்க மாட்டார்களாம். உள்ளே மெல்லிய குழாயை விட்டு, பார்த்துக்கொண்டே அந்தச் சவ்வைச் சுட்டு எடுப்பார்களாம். ரத்தத்தில் உப்பும் புளிப்பும் இன்று சரியாக இருக்கின்றன, உன் சோடாவும் உப்பும்தான் அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன என்று இங்கே ஒரு சின்ன டாக்டர் சொன்னார்.

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதினேன். எனக்கும் பயம்தான், அம்மிணி. இவ்வளவு சின்ன உடம்பு. என் மீசையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறான். கையை எடுத்துவிட மனசு வரவில்லை. தலையைக் குனியாமல் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீ காலைத் தொங்கப் போடாமல் உட்கார்.

நாச்சிமுத்து


சென்னை
25-6-1983

அம்மிணி! சௌந்திரம்! சாமி!

பையன் நன்றாக இருக்கிறான். முதலில் அதைப் படித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மற்றதைப் படி.

தந்தி கொடுக்கத்தான் ஓடினேன். தபாலாபீஸ் படியேறும்போதுதான் புத்தி வந்தது. தந்திக்காரன் வாசலில் வந்து நின்றால், பிரிக்கும் முன்னாலேயே நீ விழுந்துவிடுவாய். அதனால் கடிதம். அதைத் தபாலாபீஸ் படியில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

சவ்வை எடுத்து முடித்ததும் ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள். எல்லாம் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்று காலை பெரிய டாக்டர் வந்து குழாயை எடுத்தார். "இனி இவனே போகணும். தானாப் போயிட்டான்னா ஜெயிச்சோம். போகலைன்னா மறுபடி குழாய்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் காத்திருந்தோம் பார், அதை எப்படி எழுதுவேன்! கஞ்சி குடித்தான். தண்ணீர் குடித்தான். என் மடியில் உட்கார்ந்து குதிரையை ஆட்டினான். ஒன்றுமில்லை. மாப்பிள்ளை இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காட்டினார். நான் "ஸ்ஸ்ஸ்" என்றேன். அடுத்த கட்டில் அம்மாவும் "ஸ்ஸ்ஸ்" என்றாள். எதிர் வரிசையும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் வார்டு முழுக்க "ஸ்ஸ்ஸ்". கூட்டுகிற அம்மாள்கூடத் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று நின்றாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் ஒண்ணுக்குப் போய்விட்டார்கள், இவன் மட்டும் போகவில்லை!

பையன் எங்களையெல்லாம் பைத்தியங்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். பிறகு திடீரென்று அசையாமல் உட்கார்ந்தான். கண்ணை ஒரு மாதிரி சுருக்கினான்.

அம்மிணி, பம்ப்செட்டைப் போட்டுவிட்ட மாதிரி அடித்தான்! வில்லாக வளைந்து என் நெற்றியில் பட்டு, மீசையில் வழிந்து, புதுச் சட்டை, வேட்டி எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. நிற்கவே இல்லை. நான் வாயை மூடவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். அவனே தான் செய்ததைப் பார்த்துத் திகைத்து, அப்புறம் கைகொட்டிச் சிரித்தான்.

மாப்பிள்ளை டம்ளர் இரண்டையும் கீழே போட்டார். "மச்சான்! போயிட்டானுங்க மச்சான்! எம்பட பையன் போயிட்டானுங்க!" என்று அப்படியே ஈரத்தோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதோம். அவர் என் தோளில், நான் அவர் தோளில். எதற்காகப் பேசாமல் இருந்தோம் என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. பெரிய டாக்டர் ஓடிவந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "பரிசோதனையே வேண்டாம், உங்க சட்டையே சொல்லுது" என்றார்.

கிட்னி தேறிவரக் கொஞ்ச காலம் ஆகும், சோடாவைத் தொடர வேண்டும், ரத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டும், வருஷக்கணக்கில் கண்காணிப்பு உண்டு என்றார். பார்ப்போம். அதற்கெல்லாம் நானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வருவதாகப் பேசிவிட்டோம்.

இன்னும் சட்டையை மாற்றவில்லை. தபாலாபீஸில் எல்லோரும் தள்ளித் தள்ளி உட்காருகிறார்கள். இருக்கட்டும்.

நாச்சிமுத்து


ஜலகண்டாபுரம்
29-6-1983

அண்ணனுக்கும் அவருக்கும்,

தபால்காரர் மாதையன் கடிதத்தை நீட்டினார். வாங்கிவிட்டேன், பிரிக்கக் கை வரவில்லை. "நீங்களே படிங்க" என்று அவரிடமே கொடுத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எதையும் சத்தமாகத்தான் படிப்பார். பக்கத்துத் தறிக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தறியை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள்.

முதல் வரியைப் படித்ததுமே நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மாதையன் நிறுத்தவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றிய இடத்தில் அவரே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "ஸ்ஸ்ஸ்" என்று அவர் படிக்கப் படிக்க, தெருவில் நின்ற பொம்பளைகளும் "ஸ்ஸ்ஸ்" என்றார்கள். பம்ப்செட் என்று வந்ததும் ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், தேர் வந்துவிட்டதென்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். மயிலம்மாள் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "உம்பட பையன் ஒண்ணுக்குப் போனதுக்கு ஊரே அழுவுது அம்மிணி" என்று தானும் அழுதாள். ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போனதற்குத் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கால் வீக்கம் வடிந்திருக்கிறது. வயிற்றில் இருப்பது நேற்று முழுக்க உதைத்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

அண்ணா, நீங்கள் கொடுத்துவைத்தவர். வயிற்றிலும் இடுப்பிலுமாக ஒன்றரை வருஷத்துக்கு மேல் சுமந்து வளர்த்தவள் நான் இருக்க, முதல் தண்ணீர் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கு மட்டும் உங்கள் மேல் எனக்குப் பொறாமை.

எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். அன்றைக்கு நான் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். காலைக் கழுவுங்கள், காப்பி குடியுங்கள், அதெல்லாம் அப்புறம். முதலில் அவனைக் கொண்டுவந்து என் மடியில் போடுங்கள்.

நனையட்டும்.

சௌந்திரம்